கசிவுச் சோதனை

குதைபியாவில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
கதவைத் திறக்கும்போதே எஃப்ரென் சொல்லிவிட்டான்:
நானூற்றிருபது தினார்.
கீழ் ஏ இருக்கிறது, அதற்கே நூறு தனி.
என் பாக்கெட்டில் முந்நூறு.
பதினோரு ராத்திரி ஷட்டவுன் ஓவர்டைம் பாதி,
கேம்ப் சீட்டைத் தள்ளி எடுத்தது மீதி.

கட்டில்மேல் கிடத்தியிருந்தான்.
ஆல்டோவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு
இது சாக்ஸபோனே இல்லை,
யாரோ வளைத்துப் போட்ட வடிகால் குழாய்.
உச்சியில் ஒரு சுருள்,
அடி வளைவில்
ஆரஞ்சுப்பழம் உட்காரும் அளவுக்கு ஒரு நசுங்கல்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே என்று
வியாகப்பன் நேற்றே போனில் எச்சரித்தான்.
அவன் டிரம்பெட்காரன், மொத்தமே மூன்று பொத்தான்,
அவனுக்கென்ன தெரியும்.
எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
ஒரு டிரம்பெட், இரண்டு ஆல்டோ, ஒரு ஸ்நேர்.
எல்லோரும் மேலேயே பறக்கிறோம்,
நமக்குத் தரை வேண்டும் என்றேன்.
சொன்னவன் தலையில் விழுந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
ஒன்பது வருஷமாக சிட்ராவில்
குழாய் இணைப்புகளில் சோப்புத்தண்ணீர் பூசி
குமிழி வருகிறதா என்று குந்தியிருந்து பார்க்கும் வேலை.
காற்று எந்த வழியாக ஓடிப்போகும் என்று தெரியும்.

விளக்கை அணை என்றேன்.
மொபைல் கடையில் எண்ணூறு ஃபில்ஸுக்கு வாங்கிய
எல்ஈடி நாடாவை உள்ளே இறக்கினேன்.
பித்தளைக்குள் ஒரு தெருவே எரிந்தது.
மூடிகளை ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க
ஜன்னல் ஜன்னலாக அணைந்தது.
ஒன்றைத் தவிர.
ஜி ஷார்ப்பின் விளிம்பில் நகத்துண்டு போல ஒரு கீற்று.
மூடியின் தலையிலேயே விரல் வைத்து அழுத்தினேன்.
போகவில்லை.

முந்நூறு, என்றேன்.
இருட்டில் பேரம் பேசுவது சுலபம்,
முகம் செலவாகாது.
அவன் பதில் சொல்லாமல் விளக்கைப் போட்டான்.

அப்போதுதான் அந்தப் பற்றவைப்பைப் பார்த்தேன்.
கழன்ற தாங்கியில்
ஏசி செப்புக்குழாய்க்கு வைக்கும் வெள்ளிப் பற்று,
கொழகொழவென்று, எச்சில் மாதிரி.
யார் செய்தது?
நான்தான். ரமலானில் பேண்டுக்கு வேலை இருக்காது,
ஏசி கம்பெனியில் நின்றேன்.
பிடித்துத் திருகினேன்.
அசிங்கம்தான். அசையவில்லை.

ஊதினேன்.
மேல் சுரமெல்லாம் கரகர, நடுவில் ஒன்று குமட்டியது.
கீழே, இன்னும் கீழே,
எல்லாவற்றையும் சாத்தி
இடது கட்டைவிரலால் கடைசி மூடியையும் சாத்தியதும்
சிங்க்கில் கிடந்த கரண்டிகள் நடுங்கின.
பக்கத்து அறையில் யாரோ டகாலோக்கில் திட்டினார்கள்.
எஃப்ரென் முதல்முறையாகச் சிரித்தான்.
செவ்வாய்க்கிழமை இலோய்லோவுக்கு விமானம்,
பெட்டியின் எடையே கூடை கூடையாகக் காசு கேட்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.
டாக்ஸிக்கு வைத்திருந்ததும் சேர்த்து.
சரி என்றான்.
ஆனால் வாய்த்துண்டைக் கழற்றி
கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
இது என் பல்லுக்குப் பழகினது, தரமாட்டேன்.
அதற்குப் பேரம் பேசத் தோன்றவில்லை.

பஸ் டிரைவர் பெட்டியைப் பார்த்து
யார் செத்தது என்றார்.
இரண்டு டிக்கெட் வாங்கச் சொல்லவில்லை, அதுவரை நல்ல மனுஷன்.

ராத்திரி, அறையில் ஆறு பேர்.
கட்டிலை அது எடுத்துக்கொண்டது, தரையில் நான்.
வாய்த்துண்டு வாங்க அடுத்த சம்பளம் வரவேண்டும்.
சும்மா விரல்களை மட்டும் ஓட விட்டேன்.
பெரிய மூடிகள், தோல் வைத்தவை,
டொப். டொப்டொப். டப்.

மேல் கட்டிலில் வளவன்
கண் திறக்காமல் கேட்டான்: மழையா?

ம், என்றேன்.

ஐயோ, வெளியே சட்டை காயுதே
என்று முனகித் திரும்பிப் படுத்தான்.

ஜி ஷார்ப் மட்டும்
ஒட்டிக்கொண்டிருந்து
கொஞ்சம் தாமதமாக எழுந்தது.